ஈரக் கையால் பிடிக்கவும்

கார்த்திகைப் புயலில் காணாமல் போன என் அக்கா புருஷன் தொம்மை, பதினாலு மாதம் கழித்து, தை மாதத்து செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை ஏழரை மணிக்கு, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு கெஸ்ட் எறிந்த பிளாஸ்டிக் மீனைக் கடித்து மேலே வந்தார். அவரை வள்ளத்தில் தூக்கிப் போட்டு, உதட்டிலிருந்து தூண்டிலைக் கழற்றி, போட்டோவுக்குக் காட்டி, மறுபடி கடலில் விட்டது நான்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதை மட்டும் சொன்னால் ஊர்தான் கெட்டது, நான் நல்லவன் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

என் பெயர் கஸ்பார். கிளிஞ்சல்முனைத் துறைமுகத்தில் வலை இழுத்தவன், வலையில் மீன் குறைந்தபோது வெளியூர்க்காரர்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுபோய் மீன் பிடிக்கக் காட்டிக்கொடுக்கிற வேலைக்கு மாறினேன். தூரம் ஒன்றும் போக வேண்டாம். கரையிலிருந்து கடலுக்குள் வளைந்து போகிற கல்லணையை அரசாங்கக் காகிதத்தில் தூண்டில் வளைவு என்று எழுதியிருப்பார்கள், அதைத் தாண்டினால் பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டு இருக்கிறது, பாரைச் சுற்றிப் பாறை மீனும் ஊளியும் சீலாவும் நிற்கும், அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு கெஸ்டின் கையில் தூண்டில் ராடைக் கொடுத்து எங்கே எறிய வேண்டும் என்று சொன்னால் போதும். பிடித்த மீனை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஈரக் கையால் பிடிக்க வேண்டும், உலர்ந்த கை பட்டால் மீனின் மேல் வழுவழுப்பு போய்விடும், இரண்டு கையிலும் கிடத்தி ஒரு போட்டோ, பிறகு மீனின் முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, அதற்கு மூச்சு வந்ததும் விட்டுவிட வேண்டும். இதெல்லாம் அவர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. பிடிச்சத விடுறதுக்கு எதுக்குல பிடிக்கணும் என்று துறைமுகத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் கூடச் சிரித்தேன், ஆனால் இரண்டு வருடத்தில் என் கை அந்த வேலையை என்னைக் கேட்காமலே செய்யப் பழகிவிட்டது.

அன்றைக்கு வாடைக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. பிரணவ் என்கிற அந்தக் கெஸ்ட் நல்ல மனிதர், அதட்டிப் பேசத் தெரியாதவர். ராடு வளைந்ததும் பெரிய பாறை மீன் என்று நினைத்து இருபது நிமிடம் மல்லுக்கட்டினார், வள்ளத்தின் பக்கத்தில் தண்ணீர் வெளுத்து வந்தபோது நான் குனிந்து இரண்டு கையையும் விட்டுத் தூக்கினேன், தூக்கியது தொம்மை மச்சானை. போனபோது போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையேதான். முழங்காலில், கடல் பாறையில் ஒட்டி வளர்கிற கொட்டலசு ஒட்டியிருந்தது, காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் தோல் பிளந்து திறந்து திறந்து மூடியது. கீழுதட்டில் தூண்டில்.

"ஏல கஸ்பாரு," என்றார் மச்சான், "குடிக்கத் தண்ணி வச்சிருக்கியா? ஒரு வருஷமா உப்புத் தண்ணிதாம்ல."

பாட்டிலைக் கொடுத்தேன். பாதி குடித்தார். "ஜெசிந்தா சாப்பிட்டாளா?" என்று கேட்டார். சாப்பிட்டா மச்சான் என்றேன். அதற்குள் அவருடைய நெஞ்சு குதித்துக் குதித்து அடிக்கத் தொடங்கிவிட்டது, காதுக்குக் கீழே இருந்த பிளவுகள் உலர்ந்து வந்தன, பிரணவ் சார் பின்னாலிருந்து, "அண்ணா, ரொம்ப நேரம் வெளிய வெக்காதீங்க, செத்துரும், ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு விட்டுருவோம்," என்றார். நான் கையை நனைத்துக்கொண்டேன். உதட்டிலிருந்து தூண்டிலைக் கழற்றினேன். மச்சானைக் கிடைமட்டமாகப் பிடித்துக் காட்டினேன், படம் எடுத்தாயிற்று, முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி முன்னும் பின்னும் அசைத்தேன், மூச்சு வந்தது, விட்டேன். அவர் கீழே போய் நிறம் மங்கி மறைந்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கரைக்கு வந்து சொன்னபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. கடலில் போனவன் கடலிலிருந்து வருவதில் என்ன அதிசயம் என்பது மாதிரி, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தாமல், எந்த நிறப் பிளாஸ்டிக் மீனைக் கடித்தார், எத்தனை பாக ஆழத்தில் கிடந்தார், உடம்பு தேறியிருக்கிறாரா என்று விசாரித்தார்கள். ஜெசிந்தா அக்கா மட்டும் மீன் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விட்டுட்டியா," என்றாள்.

"கை பழக்கம் அக்கா."

"சரி," என்றாள். "நாளைக்குப் போயி கூட்டியா."

மறுநாள் துறைமுகமே போனது. கணவாய் வைத்துப் பார்த்தார்கள், இறால் வைத்துப் பார்த்தார்கள், மச்சானுக்குப் பிடித்த நண்டுக் காலை வைத்துப் பார்த்தார்கள், எங்கள் கைத்தூண்டிலில் பாறை மீன் வந்தது, விளமீன் வந்தது, மச்சான் வரவில்லை. வெளியூர்க்காரர் எறிகிற பிளாஸ்டிக் மீனுக்கு மட்டும் வந்தார். நேராக விழுந்த முதல் எறிக்கே வந்தார். வெளியே அவர் தாங்குகிற நேரத்தையும் சீக்கிரத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம்: ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள்நிறை மந்திரமும் நிதானமாகச் சொல்லி முடிக்கிற நேரம், அதற்கு மேல் ஒரு ஆமென் கூடத் தாங்காது.

அவ்வளவு கொஞ்ச நேரத்தை ஊர் எப்படிப் பங்கு போட்டது என்பதைத்தான் கேட்க வேண்டும். மச்சானோடு புயலில் போனவர்கள் இன்னும் நான்கு பேர், அந்த நான்கு வீட்டுப் பெண்களும் என் வள்ளத்தடியில் வந்து நின்று, எங்க வீட்டுக்காரவுகளப் பாத்தாராமான்னு கேளு என்றார்கள், அது நியாயமான கேள்வி, முதல் வாரம் அதைக் கேட்டேன். பார்க்கவில்லை என்றார். இரண்டாவது வாரம் ஊர்க் கமிட்டித் தலைவர் ராயப்பு அண்ணன் தானே என் வள்ளத்தில் ஏறி வந்து, "ஏல தொம்மை, சீலாக் கூட்டம் இப்ப எந்தப் பக்கம் நிக்கி?" என்று கேட்டார். மச்சான் தெற்கே கை காட்டினார். தெற்கே போனவர்களுக்கு வள்ளம் நிறையச் சீலா. அதோடு முடிந்தது கதை. அன்றையிலிருந்து அந்த மந்திர நேரம் முழுக்கக் கமிட்டிக்குச் சொந்தமாகிவிட்டது. சீலா எங்கே, இறால் எங்கே, வலை சிக்காத தரை எங்கே, போன மழைக்கு அறுந்துபோன நங்கூரம் எங்கே கிடக்கிறது என்று கேட்டுத் தீர்த்தார்கள். அக்காவுக்கு இருந்தது ஒரே கேள்வி. வீட்டுக்கு எப்ப வருவீகன்னு கேளுல. ஒவ்வொரு காலையும் நான் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று அதைச் சொல்லுவாள், ஒவ்வொரு மத்தியானமும் கேட்டியா என்பாள், நேரம் பத்தல அக்கா என்பேன். கேட்டிருக்கலாம். ராயப்பு அண்ணன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். கோழைப் பயல்.

அக்கா சும்மா இருக்கவில்லை. ஐஸ் பெட்டியில் கடல் தண்ணீரை நிரப்பி அதில் கிடத்திக் கொண்டுவந்துவிடலாம், கொல்லையில் தொட்டி கட்டி வைத்துக்கொள்கிறேன், வேளைக்கு வேளை நானே தண்ணீர் சுமந்து மாற்றுகிறேன் என்று கமிட்டியில் போய்ச் சொன்னாள். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போதே துறைமுகம் வேறாகிவிட்டிருந்தது. பதினோரு வள்ளங்கள் வலையைச் சுருட்டிவிட்டு கெஸ்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தன, ஏலக்கூடத்தின் ஒரு பக்கம் காப்பிக் கடையாகியிருந்தது, மச்சானைக் கையில் கிடத்திக்கொண்டு சிரிக்கிற படங்கள் சுவர் முழுக்க ஒட்டியிருந்தன.

"தங்கச்சி," என்றார் ராயப்பு அண்ணன், உருக்கமாகத்தான் சொன்னார், "தொம்மைய நீ மட்டுமா பறிகொடுத்த? ஊரே பறிகொடுத்துச்சு. இப்ப ஊருக்குக் கிடைச்சிருக்கான். கரைக்கு வந்த மீனப் பாக்க எவன் கடலுக்கு வருவான், சொல்லு."

"அவரு மீனில்ல."

"சரிம்மா, மீனில்ல. ஆனா தண்ணியில இருந்தாத்தான இருக்காரு."

அப்படியென்றால் என்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள், ஒருதடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டாள். அதற்கு எல்லோரும் ஒரே குரலில் கையை விரித்தார்கள். எங்கள் துறையில் பொம்பளை வள்ளத்தில் ஏறக் கூடாது, ஏறினால் கடல் மாதா கோபித்துக்கொள்வாள், மீன் விலகிப் போகும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கெஸ்டுகளின் பெண்டாட்டிமார் வாரத்துக்கு இருபது பேர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்களே என்று கேட்காதீர்கள். அவர்கள் மேடம். மேடம் ஏறினால் கோபிக்கக் கூடாது என்று கடல் மாதாவிடம் எங்கள் கமிட்டி எப்போதோ பேசி முடித்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் மச்சான் மாறிக்கொண்டே வந்தார், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். ஒவ்வொரு தடவை விடும்போதும் ஏதோ ஒன்றைத் தண்ணீரில் நழுவவிட்டுவிட்டு வந்தார். தண்ணீர் கேட்பதை நிறுத்தினார். பிறகு என் பெயரை விட்டார். சீலா எங்கே என்று கேட்டால் நான்கு பக்கமும் கை காட்டினார், கமிட்டி கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டது, படமே போதும் என்றாகிவிட்டது. மேலே தூக்கியதும் அவராகவே கெஸ்டின் இரண்டு கைகளிலும் நீட்டிப் படுத்துக்கொள்வார், செல்போன் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார், கடைவாய் தெரியச் சிரிப்பார். கீழுதடு தூண்டில் பட்டுப் பட்டுச் சல்லடையாகியிருந்தது. நல்ல கோ-ஆப்பரேஷன் அண்ணா என்று கெஸ்டுகள் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். கேள்விகள் நின்றபிறகு அக்காவின் கேள்வியைக் கேட்க எனக்கு நேரம் இருந்தது, கேட்டேன். "வீட்டுக்கு எப்ப மச்சான் வருவிய?" சிரித்தார். அவ்வளவுதான். அதை அக்காவிடம் போய், வாறேன்னு சொன்னாரு என்று சொன்னேன். அவள் அன்றைக்கே கொல்லையில் தொட்டி கட்ட செங்கல் இறக்கினாள்.

தொட்டிக்குச் சிமெண்ட் காய்ந்த வாரம் பிரணவ் சார் மறுபடி வந்தார். அக்கா அவர் தங்கியிருந்த விடுதிக்கே போய்ப் பேசியிருக்கிறாள். அவர் மறுநாள் விடிந்ததும் துறைமுகத்துக்கு வந்தபோது, பின்னாலேயே அக்காவும் வந்தாள். சுடிதார், தலையில் தொப்பி, முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. பிரணவ் சாரின் டிரைவர் பெரிய ஐஸ் பெட்டியைச் சுமந்து வந்தார். இந்தத் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கூடை சுமந்தவள், எந்தத் தொப்பி போட்டாலும் அவள் நடை தெரியாதா? வள்ளம் அணைகிற பாலத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது. சொன்னால் கெஸ்டோடு சண்டை போட வேண்டும். ராயப்பு அண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார், வேட்டியைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்து, ஏறுவதற்குக் கை கொடுத்தார்.

"பாத்து வாங்க மேடம்," என்றார். "கோயம்புத்தூருங்களா?"

அவள் தலையை ஆட்டினாள். நானும், "இப்பிடி உக்காருங்க மேடம்," என்றேன். பிறந்ததிலிருந்து அக்கா என்று கூப்பிட்ட வாயால்தான் சொன்னேன், அது எனக்குச் சுலபமாகவும் வந்தது.

பாருக்குப் போய் எஞ்சினை அணைத்ததும் அவள் பெட்டியைத் திறந்து வாளி வாளியாகக் கடல் தண்ணீரை நிரப்பினாள். அவள் மனதில் இருந்தது முழுக்க எனக்குத் தெரிந்தது: பெட்டியில் கிடத்துவாள், மூடியைக் கொஞ்சம் திறந்து வைப்பாள், கரையில் யார் கேட்டாலும் கெஸ்டின் சாப்பாட்டுப் பெட்டி என்று தலையில் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு நடப்பாள். முடியாத காரியமில்லை. நானும் கூடவே நடப்பது என்றுதான் முடிவு செய்திருந்தேன், இதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. பிரணவ் சார் ராடை அவள் கையில் கொடுத்து எறியச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு எறி கோணலாக விழுந்தது. மூன்றாவது எறிக்கு ராடு வளைந்தது.

ரீலை அவளே சுற்றினாள். யாரையும் தொடவிடவில்லை. விரலில் தூண்டில் நரம்பு அறுத்து ரத்தம் ராடில் வழிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், எத்தனையோ மாதமாக வாசலில் நின்று கேட்டதையெல்லாம் சேர்த்து இழுக்கிற மாதிரி இழுத்தாள். தண்ணீர் வெளுத்தது. கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. நான் தூக்கப் போனபோது என்னைத் தள்ளிவிட்டு அவளே குனிந்து இரண்டு கையிலும் அள்ளித் தூக்கி மடியில் கிடத்தினாள்.

மச்சான் நீட்டிப் படுத்தார். முகத்தைத் திருப்பி செல்போனைத் தேடினார். சிரித்தார்.

அவள் தொப்பியைக் கழற்றி எறிந்தாள், கண்ணாடியைக் கழற்றி எறிந்தாள். "இந்தாங்க," என்றாள், "நாந்தான். என்னப் பாருங்க."

பார்த்தார். நன்றாகப் பார்த்தார். நான் மனதுக்குள் பரலோக மந்திரத்தை முடித்து முதல் அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கியிருந்தேன்.

"வீட்டுக்குப் போவோம். தொட்டி கட்டியிருக்கேன். உங்களுக்கு நல்ல தண்ணி வேணும்னியளாமே, பானை நிறைய வச்சிருக்கேன். என்னங்க."

"போட்டோ எடுத்தாச்சா?" என்று கேட்டார் மச்சான்.

இரண்டாவது மந்திரம். நான் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தேன். "அக்கா, போடு, போடு, தூக்கிப் போட்டுருவோம்," என்றேன். மச்சான் அதற்குள் அவள் மடியிலேயே புரண்டு, தானாகவே முகத்தை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, விடுவதற்காகக் காத்துக்கிடந்தார்.

"ஒரு நிமிசந்தான் மேடம்," என்றார் மரியாதையாக. "அப்புறம் விட்ரணும்."

எல்லாக் கெஸ்டுகளுக்கும் வள்ளத்தில் நான் சொல்கிற வார்த்தை அது. என் குரலிலேயே சொன்னார்.

அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அவருடைய சல்லடையான உதட்டை விரலால் ஒருதடவை தடவினாள், நெற்றியில் சிலுவை போட்டாள், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.

"எம் புருஷன் மொத நாளு வந்தாரு," என்றாள். "நான் சாப்பிட்டனான்னு கேட்டாரு. அவர நீ விட்டுட்ட. இது நீ பழக்கின மீனு. நீயே விடு."

மூன்றாவது மந்திரம் பாதியில் இருந்தது. நான் கையை நனைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அவள் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கடலிலேயே கொட்டினாள். பாலத்தில் ராயப்பு அண்ணன் கை கொடுத்து, "ட்ரிப் எப்பிடி இருந்துச்சு மேடம்?" என்று கேட்டார். மிதவைச் சட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு, பழைய நடையிலேயே நடந்து வீட்டுக்குப் போனாள். அன்றைக்குப் பிடிபட்ட மீன் ஒன்றும் குறையவில்லை, கடல் மாதாவும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் போய் அடக்கப் பூசை கேட்டிருக்கிறாள். சாமியார் தயங்கினார். ஊரில் எல்லோருடைய போனிலும் தொம்மையின் படம் இருக்கிறதே அம்மா, நேற்றுக்கூட எடுத்திருக்கிறார்களே, எப்படிப் பூசை வைப்பது என்றார். "படத்துல இருக்கவரு படத்துலயே இருக்கட்டும் சாமி," என்றாளாம், "நான் கேக்குறது எம் புருஷனுக்கு." கமிட்டி வேண்டாம் என்றது, புருஷன் செத்தார் என்று பெண்டாட்டியே சொல்லிவிட்டால் வருகிற கெஸ்டுகளுக்கு மனக் கஷ்டமாக இருக்கும் என்றது. அவள் பூசையை வைத்தாள். சவப்பெட்டியில் வைக்க ஒன்றும் இல்லாததால், மச்சான் தண்ணீர் குடிக்கிற பித்தளைச் சொம்பை நிறையத் தண்ணீரோடு வைத்துப் புதைத்தாள். புயலில் ஆளைப் பறிகொடுத்த அந்த நான்கு வீட்டுப் பெண்கள் மட்டும் தூக்கிப் போனார்கள். மணி அடித்தபோது நான் பாரில் இருந்தேன், மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று மச்சானைக் கையில் கிடத்திக்கொண்டிருந்தது. மணிச் சத்தத்துக்கு அவர் தலையைத் திருப்பினார், அப்படித்தான் எனக்குத் தோன்றியது, ஆனால் செல்போனும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

சாயங்காலம் நல்ல விளமீன் ஒன்றைப் பனை ஓலையில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். துக்க வீட்டில் தாய்வீட்டார் முதல் சாப்பாடு கொடுக்க வேண்டும், எங்கள் அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்குத் தாய்வீடு என்று இருப்பது நான்தான். கொல்லையில் தொட்டியை உடைத்துச் செங்கலை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்து, வெள்ளைச் சேலையின் முந்தானையில் கையை நன்றாகத் துடைத்து உலர்த்திக்கொண்டு, வாசலுக்கு வந்து, கதவை மறித்தபடி நின்றாள்.

"என்ன வேணும் சார்?" என்று கேட்டாள்.